'அரைகுறை' இல்லாமல் ஓர் ஏழாம் அடுக்கு

திருநகரிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். கீபோர்டு வகுப்புக் கையேட்டைத் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கிற கார்டுக்குச் 'சுர அடுக்கு' என்று பெயர் வைத்தாயிற்று. ஹாஃப் டிமினிஷ்டு செவன்த் என்ற கார்டில் வந்து நிற்கிறேன். அதன் சுரங்கள் பி, டி, எஃப், ஏ. இடைவெளி 3, 3, 4 அரைச்சுரம் (கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டை வரை ஓர் அரைச்சுரம்). 'அரைக்குறைவு ஏழாம் அடுக்கு' என்று பலகையில் எழுதினேன். "அரைகுறையா வாசிக்கணுமா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். அழித்துவிட்டேன்.

பசுமலையிலிருந்து:
அம்மா, 'அடுக்கு' எதற்கு? கார்டு என்றால் நரம்பு. நம் பழைய நூல்களிலும் நரம்புதான் சுரம். சிலப்பதிகார உரைப்படி, நின்ற நரம்புக்கு, அதாவது எண்ணத் தொடங்கும் சுரத்துக்கு, நான்காவது நட்பு, ஐந்தாவது கிளை, மூன்றும் ஆறும் பகை. மேலை இசையோ மூன்றாவதின் மேல் மூன்றாவதை வைக்கிறது. நம் கணக்கில் அது பகையின் மேல் பகை! 'பகைநரம்புக் கோவை' என்று தொடங்குங்கள்.

செல்லூரிலிருந்து:
ஐயா, இசையில் வரும் கார்டு 'அக்கார்டு' என்பதன் சுருக்கம், பொருள் இணக்கம். நரம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் பார்த்து எழுத்து பின்னால்தான் மாறியது. வட்டத்தின் நாணைக் குறிக்கும் கார்டுதான் அந்தக் கிரேக்க வழியில் வந்தது. 'அடுக்கு' இருக்கட்டும், அடுக்குமல்லி தொடுக்கிற ஊரில் அதற்கு விளக்கம் வேண்டாம். இங்கே குறைந்திருப்பது ஐந்தாம் சுரம் மட்டும். முழு டிமினிஷ்டில் ஏழாவதும் குறையும். ஐகாரக்குறுக்கம் படித்த பிள்ளைகள்தானே? 'ஐங்குறுக்கம்' எனலாம், ஐங்குறுநூறு மாதிரி.

பசுமலையிலிருந்து:
ஐங்குறுநூற்றில் ஐந்து என்பது எண்ணிக்கை. 'ஐங்குறுக்கம்' என்றால் ஐந்து குறுக்கங்கள் என்றாகிவிடும். ஐந்தாவதன் குறுக்கம் 'ஐந்தாங்குறுக்கம்'. பகையை விட்டுக்கொடுத்தாலும் இதை விட மாட்டேன்.

மேலூரிலிருந்து:
எங்கள் ஆராதனையில் வாசிக்கிற பிள்ளைகள் இதே கார்டை 'மைனர் செவன் ஃபிளாட் ஃபைவ்' (ஐந்தாவதை அரைச்சுரம் இறக்கிய மைனர் செவன்) என்றே சொல்கிறார்கள், வாசிக்கவும் செய்கிறார்கள். புதுப் பெயர் அவர்களுக்கு இன்னொரு சுமை.

திருநகரிலிருந்து:
ஐயா, அதே பொருள்தான் தமிழிலும் வந்திருக்கிறது. நேற்று வகுப்பில் பி மைனர் செவன் பிடிக்கச் சொல்லிவிட்டு, "ஐந்தாங்குறுக்கம்" என்றேன். அதே பையன் எஃப் ஷார்ப்பில் இருந்த விரலைத் தானாகவே எஃபுக்கு இறக்கினான். இடக்கையில் பி, வலக்கையில் டி மைனர். அப்புறம் இ செவன், ஏ மைனர். மூன்றாம் தடவையில் கை பழகிவிட்டது. 'ஐந்தாங்குறுக்க ஏழாம் அடுக்கு' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். ஏயையும் அரைச்சுரம் இறக்கினால் 'முழுக்குறுக்கம்'.

மேலூரிலிருந்து:
சரி அம்மா. நாங்கள் ஃபிளாட் ஃபைவ் என்றே சொல்லிக்கொள்கிறோம்.

பசுமலையிலிருந்து:
முன்னுரையிலாவது பகைநரம்பு பற்றி ஒரு வரி சேருங்கள், அம்மா.