புதுப்பிப்பு: மகனுக்குப் பள்ளி கிடைத்துவிட்டது

ஆட்டிசம் உள்ள என் ஏழு வயது மகனைக் கடலூரில் ஒரு தனியார் பள்ளி சேர்த்துக்கொள்ள மறுத்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கும் உதவும் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குப் போகச் சொன்னீர்கள். போனேன்.

அங்கிருந்த சிறப்புப் பயிற்றுநர் முதலில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழைக் கேட்கவில்லை. "தம்பிக்கு என்ன பிடிக்கும்?" என்றார். ரயில் என்றேன். மறுவாரம் ஒரு ரயில் படத்தை வைத்தே எண்ணக் கற்றுக்கொடுத்தார். பதினொரு பெட்டி எண்ணினான்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பயிற்றுநர் வாரம் ஒருநாள்தான் வருகிறார். அது போதவே போதாது, கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறேன்.

திருப்பி அனுப்பப்பட்ட மற்ற பெற்றோருக்கு: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 16ஆம் பிரிவைப் படியுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளிலும் பாகுபாடின்றிச் சேர்க்கை வேண்டும் என்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, 31ஆம் பிரிவில் இருக்கிறது.

அப்புறம், மகனின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக அடுத்த வாரம் மருத்துவ முகாமுக்குப் போகிறோம். அவனுக்குக் கூட்டமும் சத்தமும் தாங்காது. எந்த நேரம் கூட்டம் குறைவு என்று போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.