தலைவெட்டிக் கோயிலில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மஞ்சக்குப்பத்துக்காரன்:
இரகசியச் சடங்குகள் கொண்ட ஃப்ரீமேசன் என்னும் சகோதரச் சங்கத்தின் கட்டடத்தை எங்கள் அப்பாயி தலைவெட்டிக் கோயில் என்றே சொல்வார். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்த பிறகு, ஒழுகிக்கொண்டிருந்த அதன் கூடத்தில் ஒயர் மாற்றுவதற்காக மாமாவுடன் போயிருந்தேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, கிழக்கே உயர்ந்த நாற்காலி, அதற்கு மேல் மூலைமட்டமும் கவராயமும். மாமா ஏணியில் நின்றபோது உட்கதவு சீரான இடைவெளியில் மூன்று முறை தட்டப்பட்டது. திறக்கப் போனால், தாழ்ப்பாளில் படிந்திருந்த தூசு கலையவே இல்லை. மாமா டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "கூலியே வேண்டாம், வாடா" என்றார்.

முத்தியால்பேட்டை வாசகர்:
தம்பி, அப்பாயி பேச்சை வைத்துப் பேயை உண்டாக்க வேண்டாம். கூட்டம் நடக்கையில் வாசலில் ஒருவர் உருவிய வாளுடன் காவல் நிற்பதும், இரகசியத்தை வெளியிட்டால் கழுத்து அறுபடும் என்று உறுதிமொழியில் இருந்ததும்தான் அந்தப் பெயருக்குக் காரணமாக இருக்க வேண்டும். இங்கிலாந்துத் தலைமைச் சங்கம் அவ்வாசகத்தை 1986-இல் உறுதிமொழியிலிருந்து நீக்கிவிட்டது. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்துல் உமரா 1770-களிலேயே சேர்ந்தவர். அவர் தலை ஒன்றும் போகவில்லை. சிறுவயதில் பெரியப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அந்த வாள்காரரை நேரில் பார்த்தேன்: ஒரு கையில் வாள், மறுகையால் கொசு அடித்துக்கொண்டிருந்தார். கேரியரை வாங்கி வைத்தாரே தவிர, உள்ளே எட்டிப் பார்க்கக்கூட விடவில்லை. ஆனால், புதிதாகச் சேர்பவர் கண் கட்டப்பட்டு வெளியே நிற்க, கதவு மூன்று முறை தட்டப்படுவதும் அவர்கள் சடங்கில் உண்டு. உங்கள் மாமா அதை அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

திருப்பாதிரிப்புலியூர் பொறியாளர்:
அதே கூடத்தில் நான் கேட்டது நான்கு தட்டு. எனவே சடங்குக் கணக்கு எடுபடாது. மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். மழையில் ஊறிய மரம் காயும்போது சத்தமிடும். கதவு நிலையும் அப்படியே. இத்தகைய வீடு வைத்திருப்பவர்கள் ஒழுகுகிறது என்று மேலே சிமெண்டு பூசிவிடாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரத்தில், உத்தரம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் மக்கும். சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். உத்தர முனையை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி எளிதாக இறங்கினால், யார் கதவைத் தட்டினாலும் தட்டாவிட்டாலும், முட்டுக் கொடுக்கும்வரை அந்தக் கூரையின் கீழ் ஏணி போடாதீர்கள்.