அண்ணனுக்கு ஏலகிரி, பெரியப்பாவுக்குப் பூண்டி

குழு: ஆயா வீட்டு ஆட்கள்

வெள்ளி, இரவு 9:12

பெங்களூர் அண்ணன்: ஞாயிறு குழந்தைகளை எங்காவது அழைத்துப் போக வேண்டும். ஏலகிரி? விடியற்காலை கிளம்பினால் ராத்திரி வந்துவிடலாம்.

அம்பத்தூர் அத்தை: அந்த 14 வளைவுக்கும் 14 தடவை வாந்தி எடுப்பேன். என்னை விட்டுவிடுங்கள்.

பெரியப்பா: பூண்டி போகலாம்.

சித்தி: பூண்டியில் என்ன இருக்கிறது மாமா? ஏரிதானே.

பெங்களூர் அண்ணன்: அப்பா ஆரம்பித்துவிட்டார்.

பெரியப்பா: என்ன இருக்கிறதா? நீ பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அங்கே இருந்துதானம்மா வருகிறது. மதராசுக்குத் தண்ணீர் போதவில்லை என்று கொசஸ்தலை ஆற்றை மறித்துக் கட்டினார்கள். மேயராக இருந்த சத்தியமூர்த்தி முன்னின்று செய்தது, ஆனால் 1944-இல் திறந்தபோது மனுஷர் இல்லை, முந்தின வருஷமே போய்விட்டார், அதனால்தான் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். எங்கள் அம்மா பிறந்தது அந்தக் கரையோரத்து ஊரில். தாத்தா நிலத்தில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் போய்விட்டது. வீட்டில் குழாய் ஒழுகினால் அம்மா அடிக்கவே வருவாள், "எங்க ஊர முழுங்கின தண்ணிடா, சொட்ட வுடாத" என்று.

தம்பி: ஆயா கையில் நானும் வாங்கியிருக்கிறேன். பல் விளக்கும்போது குழாயைத் திறந்து வைத்ததற்கு.

பெங்களூர் அண்ணன்: இப்போது வருவது கிருஷ்ணா தண்ணீர் அப்பா. ஆந்திராவுடையது. ஆயா ஊர்த் தண்ணீர் இல்லை.

பெரியப்பா: அதுவும் பூண்டிக்குத்தான் வருகிறது. கண்டலேறு அணையில் விட்டால் 150 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி ஊத்துக்கோட்டைப் பக்கம் ஜீரோ பாயிண்டில் எல்லை தாண்டி அப்புறம் பூண்டி. எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் ஒப்பந்தம் போட்டது 1983, தண்ணீர் வந்து சேர்ந்தது 1996, பதின்மூன்று வருஷம். ஆண்டுக்கு 12 டி.எம்.சி. என்பது ஏட்டில், வருவது வேறு கணக்கு. பூண்டியில் இருந்து இணைப்புக் கால்வாயில் செம்பரம்பாக்கம், புழல், அப்புறம் உன் வீட்டு பக்கெட். இதெல்லாம் வறண்டு போய்த்தான் 2019-இல் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ரயில் வந்து நின்றதே உங்கள் சித்தி ஏரியாவில்தான்.

சித்தி: ஆமாம் வில்லிவாக்கம். மாலை எல்லாம் போட்டு வரவேற்றார்கள். எங்கள் தெருவுக்கு லாரி அப்படியேதான் வந்தது, நாலு நாளைக்கு ஒரு தடவை.

நான்: மலை வேண்டும் என்றால் அங்கேயும் இருக்கிறது அண்ணா. அல்லிக்குழி மலை. குடியம் குகை. வளைவு ஒன்றுகூடக் கிடையாது, ஏனென்றால் ரோடே கிடையாது.

பெங்களூர் அண்ணன்: சரி சரி. வேன் யார் சொல்கிறீர்கள்?

ஞாயிறு, காலை 8:51

அம்பத்தூர் அத்தை: 8 மணிக்கு வேன் என்றார்கள். வாசலில் தூக்குப்பாத்திரத்தோடு நிற்கிறேன், தெருவே என்னைப் பார்க்கிறது.

தம்பி: வேன்காரர் பக்கத்தில்தான் இருக்கிறாராம் அத்தை. அரை மணியாகப் பக்கத்தில்தான் இருக்கிறார்.

ஞாயிறு, இரவு 7:38

சித்தி: யாருமே ஒரு படம்கூடப் போடவில்லை. போனீர்களா இல்லையா?

நான்: காட்டில் சிக்னல் இல்லை சித்தி, இப்போதுதான் திருநின்றவூர் தாண்டுகிறோம். வேன் வந்ததே 9:20. ஆவடி நெரிசல் எல்லாம் கடந்து திருவள்ளூர் விட்டதும்தான் மூச்சு வந்தது, இரண்டு பக்கமும் நெல்வயல், நடுநடுவே செங்கல் சூளை. கரை மேல் ஏறினால் காற்று ஆளைத் தள்ளுகிறது. தண்ணீர் நன்றாகவே இருக்கிறது, எதிர்க்கரை ஒரு பச்சைக் கோடு மாதிரித்தான் தெரிந்தது. கொள்ளளவு 3231 மில்லியன் கன அடி, 16 மதகு என்று பெரியப்பா வண்டியிலேயே பாடம் நடத்தி முடித்துவிட்டதால் குட்டி ஒவ்வொரு மதகாக எண்ணிக்கொண்டே வந்தான், 15-தான் வந்தது, மறுபடி முதலில் இருந்து.

பெங்களூர் அண்ணன்: மூன்றாவது தடவை 17.

சித்தி: ஆயா ஊர் தெரிந்ததா?

பெரியப்பா: தண்ணீர்தான் தெரிந்தது.

அம்பத்தூர் அத்தை: அண்ணன் கையை நீட்டி அதோ அங்கே என்றார். கொஞ்ச நேரம் கழித்து வேறு பக்கம் நீட்டி அதோ அங்கே என்றார். நான் எதற்கு வம்பு என்று இரண்டுக்கும் தலையாட்டினேன். அப்புறம் ஊன்றீஸ்வரர் கோயில் போனோம். பழைய திருவெண்பாக்கம் கோயில் ஏரிக்குள் போனபிறகு வெளியே புதிதாகக் கட்டியது அது. சாமியே வீடு மாறி வந்திருக்கிறார், நம் தாத்தா எம்மாத்திரம்.

தம்பி: அத்தை, அந்த நந்தி கதையைச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் அத்தை: திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி சுந்தரருக்குக் கண் போய்விட்டது. தட்டுத் தடுமாறி இங்கே வந்து, உள்ளே இருக்கிறாயா என்று கேட்கிறார். இருக்கிறோம், நீ போய்க்கொண்டிரு என்று பதில், கூடவே ஒரு ஊன்றுகோல். கண்ணைக் கேட்டால் கோலைக் கொடுக்கிறாயே என்று அவர் கோபத்தில் வீச, அது நந்தி மேல் பட்டுக் கொம்பு ஒடிந்துவிட்டது. இன்றைக்கும் ஒடிந்த கொம்போடுதான் உட்கார்ந்திருக்கிறது. வழிகாட்ட அம்மன்தான் மின்னலாக வந்தாளாம், பெயரே மின்னொளி அம்மை. நிலத்தை எடுத்துக்கொண்டு தாத்தா கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்களே, அந்த ஊன்றுகோல் எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்தியது.

பெரியப்பா: அது காகிதம் இல்லை, பணமும் கொடுத்தார்கள்.

அம்பத்தூர் அத்தை: எவ்வளவு என்று சொல்லுங்கள் அண்ணா.

பெரியப்பா: கொடுத்தார்கள்.

சித்தி: 😄 குகை?

நான்: அதுதான் சித்தி விஷயமே. குடியம் ஊரில் வேனை நிறுத்திவிட்டு, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நடந்தோம். முட்புதரும் செம்மண்ணும், வழியெல்லாம் கூழாங்கல், கால் வைத்தால் உருளும். ஆறு எதுவும் பக்கத்தில் இல்லையே, மலை மேல் எப்படிக் கூழாங்கல் என்று நானே யோசித்துக்கொண்டு போனேன். குகைக்குப் போனபிறகுதான் புரிந்தது. அந்தப் பாறையே கூழாங்கல்லால் ஆனது. பலகாரத்தில் முந்திரி பதித்த மாதிரி, எலுமிச்சை அளவு, தேங்காய் அளவு, எல்லாம் வழவழப்பாக, மண்ணும் மணலும் இறுகி ஒட்டிக்கொண்டு கூரையாக நிற்கிறது. ஒரு கல் விழுந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தேன், கிண்ணம் மாதிரி அப்படியே அச்சு. எந்தக் காலத்திலோ ஓடிய ஆறு உருட்டியது.

தம்பி: மேலே தேன்கூடு. ஒவ்வொன்றும் முறம் அளவு. துணைக்கு வந்தவர் சத்தம் போடாதீர்கள், சென்ட் போட்டவர்கள் பின்னால் நில்லுங்கள் என்றார். அண்ணன் தானாகவே பத்தடி தள்ளிப் போய்விட்டார்.

பெங்களூர் அண்ணன்: ஒப்புக்கொள்கிறேன், ஏலகிரியில் இது கிடைத்திருக்காது. குகைக்குப் போகும் வழியில் பூண்டி அகழ்வைப்பகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கைக்கோடரி பார்த்தபோது ஏதோ கல் என்றுதான் நினைத்தேன். குகைச் சுவரில் அதே கல்லைப் பார்த்த பிறகு வேறு மாதிரி இருந்தது.

பெரியப்பா: அதைத்தானே சொல்கிறேன். இந்தக் குவார்ட்சைட் கல்லை உடைத்துத்தான் ஆதிமனிதன் கோடரி செய்தான். 1863-இல் நம் பல்லாவரத்தில் முதல் கைக்கோடரியை எடுத்த ஆங்கிலேயப் புவியியலாளர் புரூஸ் ஃபூட் அதே வருஷம் இங்கே பக்கத்தில் அத்திரம்பாக்கம் வந்துவிட்டார். அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம் என்று 2011-இல் ஆராய்ச்சி முடிவு வந்தது. அவ்வளவு காலமாக இந்தக் கொசஸ்தலைத் தண்ணீரை நம்பி ஆள் இருந்திருக்கிறான்.

அம்பத்தூர் அத்தை: அவனுக்கு யாரும் பட்டா கேட்டிருக்க மாட்டார்கள்.

சித்தி: மாமா முட்டி எப்படி?

நான்: ஏறும்போது யாரையும் கை பிடிக்க விடவில்லை. இறங்கும்போது மூன்று பேர் பிடித்தோம்.

பெரியப்பா: இரண்டு பேர்.

ஞாயிறு, இரவு 10:05

பெங்களூர் அண்ணன்: அப்பா, குட்டி பையில் ஒரு கல் இருக்கிறது. குகையில் எடுத்தானாம், 15 லட்சம் வருஷத்துக் கோடரி என்று தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குகிறான். படம் அனுப்புகிறேன்.

பெரியப்பா: இன்னொரு பக்கத்தையும் காட்டு.

பெரியப்பா: உடைத்த தடம் எதுவும் இல்லை. வெறும் கூழாங்கல்தான். ஆனாலும் அங்கே இருந்து ஒன்றும் எடுத்து வரக்கூடாது. தண்ணீர் இறங்கியதும் நான் மறுபடி போவேன், அப்போது போட்டுவிடுகிறேன். இன்றைக்குத் தூங்கட்டும்.

பெங்களூர் அண்ணன்: மறுபடியுமா? அந்த முட்டியோடா?

பெரியப்பா: ஊர் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டாமா.

அம்பத்தூர் அத்தை: நானும் வருகிறேன் அண்ணா. வேன் வேண்டாம், ரயிலில் போவோம். அப்புறம் என் தூக்குப்பாத்திரம் யாரிடம் இருக்கிறது? புளியோதரை மிச்சம் அதில்தான் இருக்கிறது, கழுவி வையுங்கள்.

தம்பி: வேனிலேயே இருக்கிறது அத்தை. வேன்காரர் பக்கத்தில்தான் இருக்கிறாராம்.