கொசுப் பாடத்துக்கு ஒரு சொல்: மரபணு ஊடுருவலா, புகவா?

தொடக்க மடல்

வணக்கம். திங்கட்கிழமை இளநிலை விலங்கியல் வகுப்பில் மேற்கு ஆப்பிரிக்காவின் மலேரியாக் கொசுக்களைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். அனாபிலஸ் காம்பியே, அனாபிலஸ் கொலுசி என்று இரண்டு சிற்றினங்கள். நுண்ணோக்கியில் வைத்தாலும் வேறுபாடு தெரியாது. ஒரு காலைக் கிள்ளி டி.என்.ஏ. பார்க்க வேண்டும். கொலுசிக்குத் தனிப்பெயர் கிடைத்ததே 2013இல்தான்.

மாலியில் இவ்விரண்டின் கலப்புக் கொசு அரிது, கினி-பிசாவில் நிறைய. அந்தக் கலப்புக் கொசு மீண்டும் கொலுசியோடு கூடுகிறது. தலைமுறைகள் போகப் போக, காம்பியேயின் ஏதோ ஒரு மரபணு மட்டும் கொலுசியில் தங்கிவிடுகிறது. கொசுவலையில் தோய்க்கும் பைரெத்ராய்டு பூச்சிக்கொல்லியைத் தாங்கும் கே.டி.ஆர். என்ற மரபணுத் திரிபு அப்படித்தான் தாவியது. 'கலப்பினமாக்கம்' முதற்படியோடு நின்றுவிடுகிறது. 'இன்ட்ரோகிரெஷன்' என்ற அடுத்த படிக்கு என்ன எழுதுவது?

மறுமொழி

முதலில் அந்த 'ஆக்கம்' போகட்டும், அம்மா. ஆக்குதல் பிறவினை. ஜெர்சி மாட்டை நாட்டு மாட்டோடு சேர்த்து மனிதன் கலப்பினம் ஆக்கினான். கொசுக்கள் அந்தியில் கூட்டமாகப் பறந்து தாமே கூடுகின்றன. 'கலப்புறல்' என்பதே முறை.

அடுத்ததற்குச் சொல் நம்மிடமே இருக்கிறது: திணைமயக்கம். ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்துக்கே உரியவை என்கிறது தொல்காப்பியம். காம்பியே மழைக்குட்டையில் வளர்வது, கொலுசி நெல்வயல் போன்ற நிலைநீரிலும் வளர்வது. குட்டையின் மரபணு வயலுக்கு வந்து வயலினுடையதே ஆகிவிட்டது. இதைவிடப் பொருத்தம் ஏது?

மறுமொழி

ஐயா, தேர்வுத்தாளில் மாணவர்கள் குறிஞ்சியும் முல்லையும் எழுதிவிட்டு வருவார்கள். 'மரபணு ஊடுருவல்' போதும். செவிலியருக்கும் புரியும்.

மறுமொழி

ஊடு உருவுதல் என்றால் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறுதல். அம்பு மார்பை ஊடுருவிப் போகும். இந்த மரபணு வெளியே போகவே இல்லையே! எல்லைத் தாண்டலுக்கு நாளேடுகள் எழுதும் சொல்லும் அதுதான். இங்கே வந்தது பகையா? கொசுவின் உயிரைக் காத்த துணை அல்லவா?

யாழ்ப்பாணத்திலிருந்து

நீங்கள் சிற்றினம் என்பதை எங்கள் பாடநூல்கள் இனம் என்கின்றன. அதனால் 'கலப்பினம்' என்றதும் புதிதாக ஓர் இனம் தோன்றிவிட்டது போல எங்கள் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். 'கலப்பு நுளம்பு' என்றால் குழப்பம் இல்லை. (கொசு என்றால் எங்களுக்கும் விளங்கும், ஆனாலும் நுளம்பை விடமாட்டோம்.) மற்றதற்கு 'மரபணுப் புகவு' என்று வைக்கலாமே?

தொடக்க மடலாளர்

நாற்பது மடல்கள் ஆகிவிட்டன; நாளை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். 'கலப்புறல்', 'மரபணுப் புகவு' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ஐவர் ஏற்றிருக்கிறீர்கள், மற்றவர்கள் மறுக்கவில்லை. திணைமயக்கத்தை வகுப்பில் உவமையாகச் சொல்வேன், ஐயா.

மறுமொழி

உவமையாகவாவது சொல்லுங்கள். என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். புகுந்தது என்றால் வாசலைக் கடந்தது என்றுதான் பொருள். கே.டி.ஆர். அந்த வீட்டிலேயே குடியேறிப் பிள்ளை பெற்று வாழ்கிறது. அந்தக் குடியேற்றம் 'புகவு' என்ற சொல்லில் எங்கே இருக்கிறது?