‘ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகுது?’ – முதியோர் வகுப்பில் வாதம் எழுத வைப்பது எப்படி?

கேள்வி (பென்னாகரம்): வாதம் எழுதச் சொன்னால் எல்லோரும் ‘ஓட்டு நம் உரிமை’ என்று ஒரே வரியில் நிறுத்திவிடுகிறார்கள். எப்படி நகர்த்துவது?

பதில் 1: அது வாதமில்லை, சுவர் விளம்பரம். முதலில் 10 நிமிடம் பேசவிடுங்கள். பிறகு நாலே வரி: கருத்து, காரணம், சான்று, எதிராளிக்குப் பதில். சான்று பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கு: 2021 சட்டமன்றத் தேர்தலில் கிருஷ்ணகிரி தொகுதியில் வெற்றி வித்தியாசம் 794 ஓட்டுதான்.

பதில் 2: அந்த 794ஐ மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீங்க. ‘என் ஒரு ஓட்டால் அதுவும் மாறாதே’ என்பார்கள், நியாயமான மறுப்புதான். அதையே மூன்றாம் வரிக்குக் கீழே எழுதவைத்து, அடுத்ததை ‘ஆனாலும்’ என்று தொடங்கச் சொல்லுங்க. கட்சிப் பெயர் வேண்டாம், வகுப்பு சண்டையாகிடும்.

கேள்வி கேட்டவர்: ‘ஆனாலும்’ வரி வராதவர்களுக்கு?

பதில் 2: நோட்டைப் பக்கத்திலிருப்பவரிடம் மாற்றிக் கொடுங்க. அடுத்தவர் வாதத்துக்குப் பதில் சட்டென்று வரும்.