மண்டலின் 'பிக்'குக்குத் தமிழ்ச்சொல்: மீட்டியா, நகமா, சில்லா?

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

மண்டலின் கற்போருக்கான கைந்நூலில் 'பிக்கைத் தேர்ந்தெடுத்தல்' என்ற பாடத்தை, அதாவது தந்தியை மீட்டக் கையில் பிடிக்கும் சிறு தகட்டைப் பற்றிய பாடத்தை, தமிழாக்கும்போது நேர்ந்த இடர்ப்பாட்டை எழுதியிருந்தீர்கள். குழுவில் இதுவரை மீட்டி, மீட்டுகோல், மீட்டுவில்லை, நகம் ஆகிய நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. தனியாக நிற்கையில் அழகாகத் தோன்றும் சொல் வாக்கியத்துக்குள் போனதும் காலை வாரிவிடுவது நமக்குப் பழகியதுதான் என்பதால், நான்கையும் உங்கள் பாடத்தின் வாக்கியங்களிலேயே பொருத்திப் பார்த்தேன்.

'சுட்டி', 'ஊக்கி' ஆகியவற்றின் வழியில் அமைந்த 'மீட்டி' முதல் பார்வைக்குச் சிறந்ததாகவே தெரிகிறது. ஆனால் 'மீட்டியால் மேல்தந்தியை மீட்டி, உடனே கீழ்த்தந்திக்கு வரவும்' என்று எழுதிப் பாருங்கள். பெயர் எது, வினையெச்சம் எது என்று படிப்பவர் ஒவ்வொரு முறையும் நின்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. 'மீட்டுகோல்' நீண்ட குச்சியை நினைவூட்டுகிறது. அதைச் சந்தூரைத் தட்டும் குச்சிகளுக்கு விட்டுவிடலாம். 'மீட்டுவில்லை'யை முன்மொழிந்த நண்பர் மன்னிக்க வேண்டும்: அச்சில் ஓர் எழுத்து பிசகினால் அது 'மீட்டவில்லை' ஆகிவிடும், பாடமே எதிர்மறையாகிவிடும்.

'நகம்' குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குழுவில் அதற்கே ஆதரவு மிகுதி. சிதார்க் கலைஞர் சுட்டுவிரலில் மாட்டும் மிஸ்ராபுக்கும், கிட்டார்க் கலைஞர் சிலர் பெருவிரலில் அணிவதற்கும் 'மீட்டுநகம்' என்பது மிகப் பொருத்தமான பெயர்; அவை விரலோடு ஒட்டிக்கொண்டு நகத்தின் வேலையையே செய்கின்றன. மண்டலின் பிக் அவ்வாறு அணியப்படுவதில்லை. வளைத்த சுட்டுவிரலின் பக்கவாட்டில் அதை வைத்துப் பெருவிரலால் மேலிருந்து மெல்ல அழுத்திப் பிடிக்கிறோம். பிடி தளர்ந்தால் அது கீழே விழுகிறது, இறுகினால் மணிக்கட்டும் சேர்ந்து இறுகி ஒலி முரடாகிறது. அணிவதற்கும் பிடிப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சொல் காட்டாவிட்டால், வட இந்தியத் தந்திக் கருவியான சரோதைப் பற்றி எழுதப் புகும்போது மீண்டும் இதே சிக்கலுக்கு வருவோம். அங்கும் பயன்படுவது கையில் பிடிக்கும் 'ஜவா'தான்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் பாடம் முழுவதும் தடிப்பு, நுனி, விளிம்பு, பொருள் ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறது. 'தடித்த நகம்', 'நுனி மழுங்கிய நகம்' என்று எழுதினால் மாணவர் தோல் மருத்துவரைத் தேடிப் போவார். எனவே தட்டையான ஒரு சிறு துண்டைக் குறிக்கும் சொல்லே தலைச்சொல்லாக இருக்க வேண்டும். பாண்டி ஆட்டத்தில் எறியும் ஓட்டுத்துண்டையும் தேங்காய்த் துண்டையும் நாம் அழைக்கும் 'சில்' அதற்குத் தயாராக இருக்கிறது. ஜவாவைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செதுக்கும் வழக்கமும் இருப்பதால், அந்தக் கருவியைப் பொறுத்தவரை இச்சொல் உவமைகூட அன்று, நேர்ப்பொருளே.

'மீட்டு' என்பது வீணைப் பயிற்சியில் வலக்கை ஒருமுறை தந்தியை மீட்டுவதைக் குறிக்கும் பெயராகவே வழங்குகிறது. 'ஒரே மீட்டில் மூன்று சுரம்' என்கிறோம். அந்தப் பெயரோடு சேர்த்து 'மீட்டுச்சில்' என்பதை முன்வைக்கிறேன். வினைத்தொகையில் வல்லினம் மிகாதே என்று ஒருவர் கேட்பார் என்பதை அறிவேன். இங்கே 'மீட்டு' வினைப்பகுதி அன்று, வன்றொடர்க் குற்றியலுகரப் பெயர். ஆகவே சகர ஒற்று மிகுவதே முறை.

பழைய சொல் ஏதேனும் கிடைக்குமா என்றும் தேடினேன். சிலப்பதிகாரத்தின் கானல்வரி வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என எட்டு இசைக்கரணங்களை அடுக்குகிறது. எட்டும் கையின் தொழில்கள். கையில் பிடிக்கும் பொருள் ஒன்றும் அவற்றில் இல்லை.

இனிப் பாடத்தின் உள்ளடக்கம் பற்றி ஒரு திருத்தம். கிட்டாருக்கு உரிய 0.6 மில்லிமீட்டர் சில்லைத் தொடக்கநிலை மாணவருக்குப் பரிந்துரைத்திருக்கிறீர்கள். மண்டலினின் எட்டுத் தந்திகள் நான்கு இணைகளாக, குறுகிய நீளத்தில் விறைப்பாகக் கட்டப்பட்டவை; மெல்லிய சில் இணையின் முதல் தந்தியிலேயே வளைந்து, இரண்டாவதை அடையும்போது வலுவிழந்துவிடுகிறது. நான் ஒருமுறை காலாவதியான வங்கி அட்டையைக் கத்தரித்து, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து வாசித்துப் பார்த்தேன். அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீட்டர்தான், சுரத்தைவிட 'டிக் டிக்' என்ற பிளாஸ்டிக் ஒலியே அதிகம் கேட்டது. 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை தடிப்பும் உருண்டையான நுனியும் உள்ள சில்லே மண்டலினுக்கு ஏற்றது. ஆமையோட்டுச் சில்லைப் பற்றிய பத்தியில், அது அழுங்காமையின் ஓடு என்பதையும், அதன் பன்னாட்டு வணிகம் 1970களிலேயே தடைக்குள் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துவிடுங்கள். மாணவர் யாரும் அதைத் தேடிக் கடைக்குப் போகக் கூடாது.

கருநாடக இசை வாசிப்போருக்குத் தனிக்குறிப்பு ஒன்றும் தேவை. உ. ஸ்ரீநிவாஸ் இணைத் தந்திகளைக் கைவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மண்டலினை வாசித்தார். அங்கே ஒரு மீட்டின் ஒலி நீடிக்கும்போதே இடக்கை கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, இழுத்தெடுக்கிறது. ஆகவே இணையைக் கடக்கும் வலுவைவிட, மீட்டு விழும் இடத்தின் துல்லியமே சில்லைத் தேர்வதில் முதன்மையாகிறது.

அன்புடன்.

*

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தடிப்புப் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். என் மூலநூல் கிட்டார்ப் பாடத்திலிருந்து அந்த எண்ணை அப்படியே எடுத்திருக்கிறது. 'மீட்டுச்சில்' என்றதும் அடகுக் கடையிலிருந்து எதையோ மீட்டு வந்தது போல இருப்பதாக என் கணவர் சிரித்தார். ஆனால் நேற்று மாலை வகுப்பில் விளக்கம் எதுவும் சொல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பார்த்தேன். பாடம் முடியும் முன்பே ஒரு சிறுமி, 'மிஸ், என் சில்லு மண்டலினுக்குள்ள விழுந்துடுச்சு' என்று கருவியைத் தலைகீழாகக் குலுக்கிக்கொண்டு நின்றாள். எனவே தலைப்பிலும் முதல் பயன்பாட்டிலும் 'மீட்டுச்சில்' என்றும், பின்னர் 'சில்' என்றும் எழுதுகிறேன். கணினிச் சில்லோடு குழப்பம் வரும் என்று ஓர் அன்பர் தனிமடலில் எச்சரித்தார். இசைப்பாட நூலில் அதற்கு இடமில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்த பாடம் ட்ரெமலோ. ஒரே சுரத்தை மேலும் கீழுமாக விரைந்து மீட்டி நீட்டிக்கும் அந்த முறைக்கு, நீங்கள் குறிப்பிட்ட எட்டில் 'உருட்டல்' என்பதை எடுத்துக்கொள்ளலாமா, அல்லது அதன் பழைய பொருள் வேறு விரலுக்கு உரியதா என்பதை உரைகளைப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.