புதுப்பிப்பு: கல்லடிக் கடற்கரையில் நட்சத்திரம் பார்த்த இரவு

சொந்தத் தொலைநோக்கியோ முன்னறிவோ இல்லாதவர்கள், மட்டக்களப்பின் கல்லடியில் ஆர்வலர்கள் நடத்தும் வானோக்கு இரவுக்குச் செல்லலாமா என்று முன்னர் கேட்டிருந்தேன். தாராளமாகச் செல்லலாம், நான் சென்று வந்துவிட்டேன்.

முதலில் வியாழனைக் காட்டினார்கள். படங்களில் காணும் பிரமாண்டத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். தெரிந்தது பட்டாணி அளவிலான வெளிறிய வட்டமே. ஆயினும், 1610இல் கலிலியோ கண்ட நான்கு நிலவுகளும் அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நின்றன. மோட்டார் இல்லாத, கையால் திருப்பும் டொப்சோனியன் வகைத் தொலைநோக்கி என்பதால், பூமியின் சுழற்சியால் வியாழன் மெல்ல நகர்ந்து பார்வைப் புலத்தை விட்டு வெளியேற, தொலைநோக்கியை இயக்கியவர் அதன் குழாயைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

என்னை அதிகம் ஈர்த்தது தெற்கு வானம். மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வட அகலாங்கில் இருப்பதால், துருவ நட்சத்திரம் வடக்கே அடிவான மங்கலில் ஒளிந்துகொள்ள, மே மாத இரவில் தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம் தெளிவாக எழுகிறது. அதற்கு மேலே, சுமார் 17,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒமேகா சென்டாரி என்னும் நட்சத்திரக் கொத்து, வெறுங்கண்ணுக்கு மங்கிய புள்ளியாகவும் தொலைநோக்கியில் எண்ணற்ற நட்சத்திரங்களாகவும் தெரிந்தது.

செல்பவர்கள் டோர்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள். கண்கள் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடங்களாகும், ஒரு தொலைபேசித் திரையின் வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மட்டும் இங்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.